ஸ்லாக்லைனை எவ்வளவு இறுக்குவது? தொய்வை அளந்து முடிவு செய்யுங்கள்

ஸ்லாக்லைன் என்பது இரண்டு மரங்களுக்கு இடையே கட்டி, மேலே ஏறி நடக்கும் தட்டையான பட்டை. புதிதாகப் பட்டை கட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, அதை இறுக்கும் பல்சக்கரக் கருவியான ரேட்செட்டின் கைப்பிடியை எத்தனை முறை தள்ள வேண்டும் என்றுதான். அதற்கு ஒரே விடை கிடையாது. பட்டை நைலானா பாலியஸ்டரா, மரங்களுக்கு இடையே எத்தனை மீட்டர், ரேட்செட்டைத் தொடுமுன் கையால் எவ்வளவு இழுத்தீர்கள் என்பதில் ஏதாவது ஒன்று மாறினாலும் அந்த எண்ணிக்கை மாறிவிடும். நம்பக்கூடிய அளவு ஒன்றுதான்: நடுவில் ஒருவர் நிற்கும்போது பட்டை எத்தனை செ.மீ. கீழே இறங்குகிறது என்பது. அதுதான் தொய்வு. ஹார்ட்வேர் கடையில் வாங்கும் சாதாரண அளவு டேப் இருந்தால் அதை அளந்துவிடலாம்.

கழைக்கூத்தாடி நடக்கும் கயிறு விறைப்பாக இருக்கும். அவர் கையில் நீண்ட கழியும் இருக்கும். ஸ்லாக்லைன் அப்படியல்ல. அது காலுக்குக் கீழே ஊஞ்சல்போலப் பக்கவாட்டில் ஆடும். இரண்டு மரத்துக் கட்டுகளையும் இணைக்கும் நேர்கோட்டை ஊஞ்சலின் உத்தரம் என்று வைத்துக்கொண்டால், அந்த ஊஞ்சலின் கயிற்று நீளம்தான் தொய்வு. குட்டைக் கயிற்று ஊஞ்சல் வெடுக்வெடுக்கென்று ஆடும், நீளக் கயிறு நிதானமாக ஆடும். 20 செ.மீ. தொய்வில் ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 0.9 நொடி ஆகிறது, 50 செ.மீ. தொய்வில் 1.4 நொடி; 1 மீட்டர் தொய்வில் 2 நொடி. கால் தடதடவென்று நடுங்கி ஒரே நொடியில் தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் பட்டை தளர்ந்திருப்பதால் அல்ல, மிகையாக இறுகியிருப்பதால். அந்த வேகத்துக்கு உடம்பு ஈடுகொடுக்க முடிவதில்லை. அதற்காக மிகவும் தளர்த்தினாலும் சிக்கல்தான். ஆட்டம் மெதுவாகும், ஆனால் அகலம் கூடும். இடுப்பையும் கைகளையும் பெரிதாக வீசித்தான் நிற்க முடியும். பழகாதவருக்கு அது கைவராது.

மரத்தின் மேல் விழும் இழுவிசையையும் இதே தொய்வுதான் தீர்மானிக்கிறது. கணக்கு எளிது. நிற்பவரின் எடையை (கிலோ) நீளத்தால் (மீட்டர்) பெருக்கி, தொய்வின் (மீட்டர்) நான்கு மடங்கால் வகுத்தால் இழுவிசை கிலோ எடைக் கணக்கில் வரும். 60 கிலோ ஆள், 12 மீட்டர் பட்டை, 60 செ.மீ. தொய்வு என்றால் 60 × 12 ÷ (4 × 0.6) = 300 கிலோ. அதே பட்டையை 30 செ.மீ. தொய்வுக்கு இறுக்கினால் 600 கிலோ, 20 செ.மீ.க்கு இறுக்கினால் 900 கிலோ. தொய்வு பாதியானால் இழுவை இரட்டிப்பாகும். இந்த 300 கிலோவை இரண்டு மரங்களும் பங்குபோட்டுக்கொள்ளும், ஆளுக்கு 150 என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஒவ்வொரு மரமும் முழு 300 கிலோவைத் தாங்குகிறது. சறுக்கிச் சட்டென்று உட்கார்ந்தாலோ குதித்தாலோ அது அந்த நொடியில் இரண்டு மடங்கைத் தாண்டும்.

மரம் தேர்வு

தோட்டப்புறத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கட்டத் தகுந்த மரம் கொஞ்சம்தான். நெஞ்சுயரத்தில் சுற்றளவு 95 செ.மீ.க்குக் குறையக்கூடாது, விட்டக் கணக்கில் அது 30 செ.மீ. சுற்றளவு சரியாக இருந்தாலும் அடிமரத்தில் பொந்து, காளான், அழுகல், வேர்ப்பக்கம் மண் வெடிப்பு தெரிந்தால் அந்த மரம் வேண்டாம்.

செம்பனையில் கட்டவே கட்டாதீர்கள். வெட்டிய மட்டைகளின் அடிக்கட்டைகள் உடம்பெல்லாம் துருத்திக்கொண்டிருக்கும். பட்டை அவற்றின் மேல்தான் உட்காரும், மரத்தின் மேல் அல்ல. அவை உளுத்து உதிரக்கூடியவை, விளிம்பும் கூர்மை. அதைவிடப் பெரிய ஆபத்து கேனோடெர்மா காளானால் வரும் அடித்தண்டு அழுகல். வெளியே பச்சையாகத் தெரியும் மரம் உள்ளே கூடாகியிருக்கலாம். பக்கத்து மரம் அப்படி விழுந்ததைப் பார்த்திருந்தால் அந்த வரிசையில் எந்த மரத்தையும் நம்ப வேண்டாம்.

பால்மரமும் (ரப்பர்) சரிப்படாது. பால் வெட்டும் மரத்தோலில் சிராய்ப்பு விழுந்தால் பால் வெட்டுகிறவருக்குத்தான் நட்டம். காற்றில் முறிந்து விழுவதற்குப் பேர்போன மரமும் அது. தோப்புக்குள் கட்டாமல் திடலோரத்துக்கு வாருங்கள்.

தோட்டத்துப் பாடாங் (திடல்) ஓரத்திலும் தமிழ்ப்பள்ளி வேலியோரத்திலும் நிற்கும் பெரிய மழைமரம், மலாய்க்காரர்கள் புக்குல் லிமா என்று சொல்லும் தூங்குமூஞ்சி மரம், நல்ல தேர்வு. முதிர்ந்த அங்சானாவும் பருத்த மாமரமும் தாங்கும். மழைமரத்தில் கட்டுமுன் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்கினால் வேறிடம் தேடுங்கள். மாமரத்தில் கெரெங்கா எறும்புக் கூடு இருந்தால் பட்டையே அவற்றுக்குப் பாலமாகிவிடும். தைப்பிங் ஏரிப் பூங்காவில் இருப்பதுபோன்ற நூற்றாண்டு கண்ட மரங்களையும், கோயில் அரச மரத்தையும் விட்டுவிடுங்கள். காலால் மிதிக்கிற பட்டையைச் சாமி மரத்தில் கட்டுவது முறையல்ல. பந்துக்கம்பம், கூடைப்பந்துக் கம்பம், வேலித்தூண், வராந்தாத் தூண் ஆகியவை பக்கவாட்டு இழுவைக்காக நட்டவை அல்ல. பந்துக்கம்பம் சாய்ந்து ஆளின் மேல் விழும்.

மண்ணையும் பாருங்கள். உள்நாட்டுச் செம்மண்ணில் வேர் பிடித்து நிற்கும். கோலசிலாங்கூர் பக்கம் போல கடலோரக் களியும் கரிமண்ணும் உள்ள இடத்தில், அதுவும் இரண்டு நாள் மழைக்குப் பிறகு, பெரிய மரமும் வேரோடு அசையும். பட்டையை இறுக்கும்போது ஒருவர் தள்ளி நின்று மரத்தின் உச்சியைக் கவனிக்கட்டும். உச்சி அசைந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இடத்துக்குப் பொறுப்பானவர் தோட்ட அலுவலகத்துக் கிராணியோ பள்ளித் தலைமையாசிரியரோ, அவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

உயரமும் கட்டும் முறையும்

கட்டும் உயரத்தைக் கடைசியில் யோசிக்காதீர்கள். எதிர்பார்க்கும் தொய்வோடு 25 செ.மீ. கூட்டுங்கள், அதுதான் கட்டும் உயரம். 40 செ.மீ. தொய்வு வேண்டுமென்றால் தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் கட்டுங்கள். இந்தக் கணக்குப் போடாமல் 45 செ.மீ.யில் கட்டிவிட்டு, நடுவில் பட்டை தரையைத் தொடுகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவதுதான் பெரும்பாலான மிகை இறுக்கத்துக்குக் காரணம். பட்டை தரையில் இடித்தால் ரேட்செட்டை விட்டுவிட்டுக் கட்டும் உயரத்தை 15 செ.மீ. கூட்டுங்கள். ஆனால் தேவைக்கு மேல் உயர்த்தாதீர்கள். கட்டு மேலே போகப் போக, அதே இழுவை மரத்தைச் சாய்க்கும் வலு கூடும்.

மரத்தைச் சுற்றி முதலில் பழைய சாக்கையோ தடித்த தரைவிரிப்புத் துண்டையோ போடுங்கள். ஸ்லாக்லைனை மரத்தோடு இணைக்கும் சுற்றுப்பட்டை தொடும் இடம் முழுதும் மூடியிருக்க வேண்டும். மரத்தோல் கிழிந்தால் அந்த வழியாகப் பூச்சியும் காளானும் ஏறும். சொரசொரப்பில் தேய்ந்து சுற்றுப்பட்டையும் நூல் பிரியும். இரு மரத்துச் சுற்றுப்பட்டைகளும் ஒரே உயரத்தில், ஒன்றையொன்று நேராகப் பார்த்தபடி இருக்கட்டும்.

ரேட்செட்டைக் கைப்பிடி தரையைப் பார்க்கும்படி மாட்டுங்கள். மேலே பார்த்தால் விழுகிறவரின் காலைக் கிழிக்கும். பட்டையை முறுக்கில்லாமல் விரித்து, ரேட்செட் உருளையின் பிளவுக்குள் நடுவாக நுழைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்துக் கையால் இழுக்க முடிந்த அளவு இழுங்கள். இந்த ஒரு வேலையில் சோம்பல்பட்டால் மற்றதெல்லாம் கெடும். உருளையில் இரண்டு, இரண்டரைச் சுற்று பட்டை ஏறினால் போதும். ஒரு சுற்றுக்கும் குறைவாக இருந்தால் நழுவும். நாலைந்து சுற்று ஏறினால் உருளை நிரம்பி இறுகிக்கொள்ளும். பிறகு கழற்றுவது பெரும்பாடு. கையால் சரியாக இழுக்காததுதான் அப்படி நிரம்பக் காரணம். பட்டை உருளையில் ஓரம் ஒதுங்கினால் ஒரு விளிம்பு மட்டும் இறுகி, நடக்கும்போது பட்டை காலடியில் சாயும். அப்போது கழற்றி மறுபடி நுழைப்பதைத் தவிர வழியில்லை.

கைப்பிடியில் குழாய் செருகி நீட்டித் தள்ளாதீர்கள். ஒரு ஆள் ஒரு கையால் தள்ள முடியாத நிலை வந்துவிட்டதென்றால் தேவைக்கு மேல் போய்விட்டீர்கள்.

தொய்வை அளப்பது

முதலில் யாரும் ஏறி நிற்க வேண்டாம். ஒருவர் நடுவில் உட்கார்ந்து மெதுவாக மூன்று நான்கு முறை அமுக்கட்டும். சுற்றுப்பட்டைகள் மரத்தில் பதிந்து உட்காரும். இறங்கிய பின் மறுபடி ஓரிரு தள்ளு தள்ளி இறுக்குங்கள். ஆள் மேலே இருக்கும்போது ரேட்செட்டைத் தொடவே கூடாது.

அடுத்து, தூண்டில் நரம்பு ஒன்றை ஒரு கட்டிலிருந்து மறு கட்டுக்கு விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தரை மேடுபள்ளமாக இருந்தாலும் அளவு சரியாக வருவதற்கு இதுதான் வழி. நடக்கப்போகிறவர் நண்பரின் தோளைப் பிடித்தபடி நடுவில் ஏறி அசையாமல் நிற்கட்டும். முழு எடையும் பட்டையின் மேல் இருக்க வேண்டும், தோளில் அல்ல. நரம்பிலிருந்து பாதத்துக்கு அடியிலுள்ள பட்டை வரை டேப்பை வைத்துப் பாருங்கள். நரம்பை அவிழ்த்த பிறகே நடக்கத் தொடங்குங்கள்.

கற்றுக்கொள்ளும் பெரியவருக்கு 5 செ.மீ. அகலப் பட்டை, 8 மீட்டர் நீளம், 35 முதல் 40 செ.மீ. தொய்வு என்பது எங்கள் பரிந்துரை. 65 கிலோ ஆளுக்கு 40 செ.மீ. தொய்வில் இழுவை 325 கிலோதான். பெட்டியில் 15 மீட்டர் பட்டை வந்தாலும் முழு நீளத்தையும் விரிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மீதியைச் சுருட்டிக் கட்டி ஓரமாக வையுங்கள். எட்டு மீட்டரைத் திரும்பித் திரும்பி நடக்க வந்தபின் 15 மீட்டருக்குப் போகலாம். அங்கே தொய்வு 75 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை இருக்கட்டும். 75 செ.மீ. என்றால் அதே 65 கிலோ ஆளுக்கு இழுவை மறுபடியும் 325 கிலோதான். நீளம் கூடியது, தொய்வும் கூடவே வளர்ந்தது, மரத்தின் சுமை கூடவில்லை. நீளத்தை மட்டும் கூட்டித் தொய்வைப் பழைய 40 செ.மீ.யிலேயே பிடித்து வைக்க நினைத்தால் 600 கிலோவைத் தாண்டிவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். அண்ணன் தன் எடைக்குக் கட்டிய பட்டையில் தங்கச்சியை ஏற்றிவிட்டு, "பயப்படாதே, நில்லு" என்று சொல்வார். 65 கிலோவுக்கு 40 செ.மீ. இறங்கும் பட்டை 30 கிலோப் பிள்ளைக்கு ஏறத்தாழ 20 செ.மீ.தான் இறங்கும். அண்ணனுக்கு நிதானமாக ஆடிய அதே பட்டை அவளுக்குப் படபடவென்று அடிக்கும். பிள்ளைக்குத் தைரியம் குறைவில்லை, இறுக்கம்தான் கூடுதல். நீளத்தை 6 மீட்டராகக் குறைத்து, பிள்ளையையே நிறுத்தி அளந்து, 25 முதல் 30 செ.மீ. தொய்வுக்குத் தளர்த்துங்கள். 30 கிலோவுக்கு 25 செ.மீ. என்றால் இழுவை 180 கிலோ. அதற்கு ரேட்செட்டில் சில தள்ளு போதும்.

குதித்து வித்தை செய்யும் பட்டை தனி ரகம். 18 மீட்டரில் 60 செ.மீ. தொய்வு என்றால் 65 கிலோ ஆள் சும்மா நின்றாலே 490 கிலோ அளவுக்கு இழுக்கும். குதித்தால் ஆயிரத்தைத் தாண்டும். அதற்கென்று செய்த சாமான், ரேட்செட் பறக்காமல் பிடிக்கும் பாதுகாப்புக் கயிறு, பெரிய மரங்கள் ஆகிய மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள். நேர்மாறானது தொங்குபட்டை. 6 மீட்டர் இடைவெளியில் 1.7 மீட்டர் உயரத்தில் கட்டி, நடுப்பகுதி முழங்கால் உயரத்துக்குத் தொங்கும்படி விடுவது. 60 கிலோ ஆளுக்கு 1.2 மீட்டர் தொய்வில் இழுவை வெறும் 75 கிலோ, ரேட்செட்டே வேண்டாம். மரம் பாதுகாப்பாக இருக்கும், ஆனால் நிற்பது கடினம்.

ரேட்செட் இல்லாமல், 2.5 செ.மீ. பட்டையை மூன்று காரபினர்களில் (மூடித் திறக்கும் உலோக வளையம்) ஓட்டி இழுக்கும் எல்லிங்டன் முறையும் உண்டு. அதில் உராய்வு அதிகம் என்பதால் ஒருவர் இழுத்து மிகையாக இறுக்குவது எளிதல்ல. பழகியவர்களுக்கு ரேட்செட்டைவிட அதுவே நல்லது என்போம்.

எங்கே ஏறுவது

ஒரே பட்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆடாது. மேலே சொன்ன 8 மீட்டர் பட்டையில் நடுவில் 40 செ.மீ. தொய்வு, மரத்திலிருந்து 1 மீட்டர் தொலைவில் 18 செ.மீ.தான். மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவது பாதுகாப்பாகத் தோன்றினாலும் பட்டை அங்கேதான் மிக வேகமாக ஆடுகிறது. இரண்டரை மீட்டர் தள்ளி, நண்பரின் தோளைப் பிடித்து ஏறுங்கள். அங்கே தொய்வு 34 செ.மீ. மரத்தை நோக்கி நடக்கும்போது கடைசி இரண்டடியில் தடுமாறுவதற்கும் இதுவே காரணம். அங்கே அடியைச் சிறிதாக்கி, முழங்காலை இன்னும் மடக்குங்கள்.

லோரிப் பட்டை

தோட்டத்து ஊர்களில் லோரிச் சரக்குக் கட்டும் ரேட்செட் பட்டை எளிதில் கிடைக்கிறது, விலையும் குறைவு. பார்வைக்கு ஸ்லாக்லைன் மாதிரியே இருக்கும். வித்தியாசம் முனையில் இருக்கிறது: கொக்கி. பட்டை மேலும் கீழும் ஆடும்போது ஒரு கணம் தளர்ந்தால் கொக்கி கழன்றுவிடும். அடுத்த கணம் இறுகும்போது அந்த இரும்பு முகத்தை நோக்கிப் பறக்கும். மூடிய கண்ணியோ பூட்டும் இணைப்போ இல்லாத எதையும் நடக்கப் பயன்படுத்த வேண்டாம்.

ஸ்லாக்லைன் வாங்கும்போதும் முறியும் வலு என்னவென்று லேபிளில் பாருங்கள். 3,000 கிலோ என்றிருந்தால் ஒருவர் அசையாமல் நிற்கும் இழுவை அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 600 கிலோவைத் தாண்டக் கூடாது. பட்டை, சுற்றுப்பட்டை, ரேட்செட் மூன்றில் எது பலவீனமோ அதன் எண்தான் கணக்கு. பட்டையில் முடிச்சுப் போட்டால் வலுவில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோ போய்விடும். அறுந்த பட்டையை முடிந்து மறுபடி கட்டுகிற பழக்கம் இதில் ஆகாது.

மழை, மாலை, கழற்றுவது

கட்டிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நைலான் சுமையில் மெல்ல நீளும். நனைந்தால் இன்னும் நீளும், வலுவும் சற்றுக் குறையும். பாலியஸ்டர் அவ்வளவு மாறாது. பிற்பகலில் வானம் கறுத்து இடி கேட்டால், முதல் தூறலுக்குக் காத்திருக்காமல் மரத்தடியை விட்டு விலகிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். பட்டை அங்கேயே இருக்கட்டும்.

பட்டையின் நடுவில் பளிச்சென்ற துணி இரண்டு கட்டிவிடுங்கள். பொழுது சாயும் நேரத்தில் பாடாங் குறுக்கே மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு முழங்கால் உயரப் பட்டை கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே, ஐந்து நிமிடம் கடைக்குப் போவதென்றாலும் ஒரு ஆளைக் காவல் வைக்க வேண்டும். இரவில் கட்டியபடி விடவே கூடாது.

கழற்றும்போது ரேட்செட்டுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள், பட்டையின் நேர்க்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம். கைப்பிடிக்குள் இருக்கும் தாழான உள்நாக்கை இழுத்துப் பிடித்தபடி கைப்பிடியை முழுதாக, தட்டையாகும் வரை விரித்தால் இழுவை ஒரே அடியில் விடுபடும். கடைசிக் கட்டத்தில் கைப்பிடி படாரென்று அடிக்கும். விரல்கள் சட்டத்துக்கும் கைப்பிடிக்கும் இடையில் இருக்கக் கூடாது. இறுகிக்கொண்டு வராவிட்டால் சுத்தியலால் தட்டுவதும் கத்தியால் அறுப்பதும் வேண்டாம். இழுவையிலுள்ள பட்டை அறுந்தால் ரேட்செட் எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. கைப்பிடியை இன்னும் ஒரு பல் முன்னால் தள்ளினால் நாக்கின் மேலுள்ள சுமை குறையும்; அப்போது நாக்கை இழுத்து விரியுங்கள்.

ஈரப் பட்டையை நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் வேண்டாம். வெயில் இழையைத் தின்றுவிடும். சுருட்டுமுன் முழு நீளத்தையும் விரலிடுக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். விளிம்பில் வெட்டு, பஞ்சுபோல் எழும்பிய நூல், உருகிப் பளபளக்கும் திட்டு தட்டுப்பட்டால் அந்தப் பட்டையில் இனி யாரும் ஏற வேண்டாம். ரேட்செட் பல்லில் துரு கண்டால் தேய்த்துவிட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். பட்டையில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.